மெதோட் சிவாக்கின் இடது பக்கம்

மெதோட் சிவாக்கை எங்கள் சுரங்க ஊரான ப்ரெக்கர் ஹில்லில் யாரும் ஆட்டக்காரன் என்று சொன்னதில்லை. ஃபவுல்காரன் என்பார்கள். ஆடுகளத்தைச் சுற்றிக் கம்பிவலை அடித்த பாஸ்கெட்பால் கூண்டுக்குள் ஐந்து பேர் இறங்கினால் நான்கு பேர் ஓடுவார்கள், இடிப்பார்கள், கம்பிவலையில் மோதிச் சுருண்டு விழுவார்கள். மெதோட் பின்னால் நின்று எங்கள் கூடையைக் காவல் காப்பான். எதிரணிக்காரன் எவனாவது தப்பாக இடித்து, நடுவர் விசில் ஊதினால், இடிபட்டவன் யாராக இருந்தாலும் சரி, மெதோட்தான் நடந்து வந்து கூடைக்குள் பந்தெறியக் கோட்டில் நிற்பான். அணிக்கு ஒருவன், அவனே எல்லா ஃபவுல்களையும் எறியலாம் என்பது அந்தக் காலத்து விதி. பதினைந்தடி தூரம். குறுக்கே யாரும் வரக்கூடாது. பத்து எறிந்தால் எட்டு, சில நாள் ஒன்பது உள்ளே விழும். அந்த எட்டும் ஒன்பதும்தான் அவனைச் சுரங்கத்துக்குள் போகாமல் மேலே நிறுத்தி வைத்திருந்தன.

நான் அவன் வீட்டில் குடியிருந்தேன். மாடியில் சரிந்த கூரைக்குக் கீழே ஒரு கட்டில், ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு சாப்பாடு. பகலில் நிலக்கரிக் கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கில் எழுத்து வேலை. வாரத்தில் மூன்று மாலை கூண்டுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அணிக்குப் புள்ளி குறிப்பேன். அதிகம் பேசத் தெரியாதவனுக்கு ஏற்ற வேலை.

மெதோட் ஒன்பது வயதில் கரி உடைக்கும் கொட்டகையில் சேர்ந்தவன். சறுக்குத் தகரத்தில் ஓடிவரும் கரியிலிருந்து கல்லைப் பொறுக்கி எறிய வேண்டும். கையுறை போட்டால் கல்லின் வழவழப்பு தெரியாதென்று மேஸ்திரி பிரம்பால் அடிப்பான். முதல் மாதம் பையன்களின் விரல்நுனி வெடித்து ரத்தம் கசியும். வீட்டில் வாத்துக்கொழுப்புத் தடவி விடுவார்கள். பதின்மூன்றில் கீழே இறங்கிக் கோவேறு கழுதை ஓட்டினான். பதினைந்தில் அவன் அப்பா மேல் கூரைப்பாறை சரிந்தது. அண்ணன் சிரில் அப்பா வெட்டிய அதே சுரங்க அறையை எடுத்துக்கொண்டான். சிரில், மெதோட் இருவருக்கும் ஒரே நாளில் திருநாள் வரும் இரண்டு புனிதர்களின் பெயர். ஸ்லோவாக் வீடுகளில் அண்ணனுக்கு ஒன்றை வைத்தால் தம்பிக்கு மற்றதைத் தேட வேண்டியதில்லை.

பந்து எறியக் கற்றுக்கொண்டது மாதா கோவிலின் நிலவறையில். கையை உயர்த்தினால் தொடுகிற கூரை. பந்துக்கு வளைவு வேண்டுமென்றால் எறிகிறவன் தாழ வேண்டும். அப்போது எல்லோருமே இரண்டு கையாலும் கீழிருந்துதான் எறிவார்கள். ஆனால் மெதோட் அளவுக்குத் தாழ்ந்தவர்களை நான் பார்த்ததில்லை. கிட்டத்தட்டக் குந்திவிடுவான். முகம் முழங்காலுக்கு வரும். பந்து பாதங்களுக்கு நடுவே ஒரு கணம் நிற்கும். பிறகு மொத்த உடம்பும் கிணற்றிலிருந்து வாளி வருவதுபோல் மெதுவாக எழும்.

மெதோட்டின் மனைவி ஜோஃபியாவின் அப்பாவும் அண்ணனும் ஒரே காலையில் ஒரே வாயு வெடிப்பில் போனவர்கள். கம்பெனியின் கறுப்பு வண்டி வந்து இரண்டு உடல்களையும் வாசல் பலகையில் கிடத்திவிட்டுக் கதவைக்கூடத் தட்டாமல் போய்விட்டது. அவளுக்கு அப்போது பதினான்கு வயது. மெதோட் பெண் கேட்டபோது நேராகவே சொன்னாளாம்.

“உன்னைப் பிடிச்சிருக்கு. ஆனா கீழ எறங்குறவனக் கட்டிக்க மாட்டேன். பந்த எறிஞ்சே வயித்தைக் கழுவ முடியுமா, சொல்லு.”

“முடியும்.”

“பந்து ஓட்டையாப் போச்சுன்னா?”

“வேற பந்து குடுப்பாங்க.”

“சிரிக்காத. கீழ போக மாட்டேன்னு மாதா முன்னால சத்தியம் பண்ணு.”

பண்ணினான். கல்யாணம் நடந்தது. இதை எனக்குச் சொன்னவன் மெதோட். சொல்லும்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். ஆனால் சுரங்கத்தின் காலை ஊதல் கேட்கும்போதெல்லாம் அவன் மெல்வதை நிறுத்துவதை நான் பார்த்திருக்கிறேன்.

ஆணி விஷயத்தைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

எங்கள் பக்கத்து ஊர்கள் எல்லாவற்றிலும் அந்தப் பழக்கம் உண்டு. சுரங்கத்திலிருந்து ஏறிய ஆட்கள் முகத்தைக் கழுவாமல், தொப்பியில் கார்பைடு விளக்கோடு நேராக மண்டபத்துக்கு வருவார்கள். வெளியூர் ஃபவுல்காரன் கோட்டில் வந்து நின்றதும் விளக்குச் சுடரில் ஒரு சின்ன ஆணியைப் பிடித்துச் சிவக்கக் காய்ச்சி, கம்பிவலையின் ஓட்டை வழியாகச் சுண்டிவிடுவார்கள். கணுக்காலில் பட்டால் அவன் துள்ளுவான், பந்து எங்கோ போகும், மண்டபம் அதிரும். நடுவர் திரும்பிப் பார்க்க மாட்டார். அவருக்கும் கணுக்கால் இருந்தது. பெரிய காயம் என்று யாரும் நினைத்ததில்லை. மறுவாரம் நம் ஆள் அவர்கள் ஊருக்குப் போகும்போது இதே மரியாதை அங்கேயும் கிடைக்கும்.

எங்கள் ஊரில் இதில் பெரிய கை சிரில். குறடே வேண்டாம், காய்த்துப்போன விரலாலேயே பிடிப்பான். இருபதடியிலிருந்து காலுறைக்கும் ஷூவுக்கும் இடையிலுள்ள அந்த ஓர் அங்குலத்தில் படும். வெளியூர்க்காரன் துள்ளியதும் தொப்பியைக் கழற்றி நாலு பக்கமும் வணக்கம் வைப்பான்.

சுரங்க வேலைநிறுத்தம் முடிந்து ஊரில் காசில்லாத ஒரு குளிர்காலத்தில், அணியை நடத்திய கேலர் இனி அடுத்த வருடம் அணியே இருக்குமோ என்னவோ என்று பேச ஆரம்பித்திருந்தார். பக்கத்து ஊரான மில்னர்டன் அணியின் ஃபவுல்காரன் காய்ச்சலில் படுத்துவிட்டான். ஒரு புதன்கிழமை ஆட்டத்துக்கு மட்டும் வா, நன்றாக எறிந்தால் அடுத்த வருடம் முழுக்க உன்னை வைத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் ஆள் அனுப்பினார்கள். இப்படி ஊர் மாறி ஆடுவது அன்று புதிதில்லை. வாரத்துக்கு மூன்று சட்டை போட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் புதன்கிழமை ஆட்டம் எங்கள் மண்டபத்தில், எங்களுக்கு எதிராக.

ஞாயிறு மதியம் மேசையில் முட்டைக்கோசும் உருளைக்கிழங்கு உருண்டையும். ஜோஃபியாவுக்கு ஏழாம் மாதம். சிரில் கரண்டியால் தம்பியைச் சுட்டினான்.

“என்னடா மெத்கோ, மில்னர்டன்காரன் சட்டையப் போட்டுக்கிட்டு நம்ம ஊருக்கே வர்றியாமே. வெக்கமா இல்ல?”

“நல்ல சட்டை. பச்சை. உனக்கு ஒண்ணு கேட்டு வாங்கவா?”

“எனக்கெதுக்கு? நான் ஆணியோட வர்றேன்.”

“நீ வராம இருப்பியா? வா, வா. கால்ல ஏற்கெனவே மூணு தழும்பு இருக்கு. நாலாவது சொந்தக்காரன் குடுத்ததா இருக்கட்டும்.”

“ரெண்டும் தடிமாடுங்க,” என்றாள் ஜோஃபியா. “வயித்துல புள்ளையோட ஒருத்தி உக்காந்திருக்கேன். ஆணியாம், காலாம்.”

“எல்லாம் வெளையாட்டுதான் ஜோஃப்கா. நான் எறியலேன்னு வையி, தம்பிய பாத்ததும் சிரிலுக்குக் கை நடுங்கிடுச்சின்னு கழுதை லாயம் வரைக்கும் பேசுவானுங்க. சாகுற வரைக்கும் விட மாட்டானுங்க.” சிரில் என்னைப் பார்த்தான். “என்ன இம்ரோ, நான் சொல்றது சரியா?”

சரிதான் என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன்.

புதன்கிழமை மண்டபத்தில் நிற்க இடமில்லை. மெதோட் பச்சைச் சட்டையில் உள்ளே வந்தபோது எழுந்த சத்தத்தில் பாதி வசவு, பாதி சிரிப்பு. முதல் நான்கு ஃபவுல்களை அவன் மறுகோடிக் கூடையில் எறிந்தான். நான்கும் உள்ளே. இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறியது. இப்போது அவன் எறியும் கோடு சிரில் நிற்கும் வலைக்கு எதிரே வந்துவிட்டது.

அண்ணன் தம்பிகளுக்குள்ளும் ஒருவரைப் பற்றி ஒருவருக்குத் தெரியாத விஷயம் இருக்கலாம் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. சிரில் தம்பியின் நூறு ஆட்டங்களைப் பார்த்திருந்தான். ஆனால் அவன் எறியும் நேரத்தில் எப்போதும் கூடையைத்தான் பார்த்திருந்தான், எங்கள் ஊரில் எல்லோரையும் போல. எறிகிற உடம்பைப் பார்த்து ஆணி சுண்டியதெல்லாம் வெளியூர்க்காரர்களுக்கு. அவர்கள் நின்றபடி லேசாக முழங்காலை மடக்குவார்கள். சிரிலின் விரல்களுக்குப் பழக்கமான கணக்கு அது.

விசில். மெதோட் கோட்டில் நின்றான். சிரில் கணுக்காலைக் குறிவைத்துச் சுண்டினான். அதே நொடியில் மெதோட் குந்தினான்.

அவன் கத்தவில்லை. பந்தை விட்டுவிட்டு இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, எதையோ தேடுகிறவன்போலத் தரையைத் தடவினான். மண்டபம் கைதட்டியது. கணுக்காலில் பட்டுவிட்டதென்று நினைத்த கைதட்டல். சிரில் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தான். வணக்கம் வைக்கவில்லை.

ஆணி பட்ட இடது கண்ணைக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு மெதோட் மீதி ஆட்டத்தை ஆடினான். இன்னும் ஆறு ஃபவுல், அதில் ஐந்து உள்ளே. மில்னர்டன் ஜெயித்தது. கம்பெனி டாக்டர் போரிக் மருந்துத் தண்ணீரால் கழுவிவிட்டு, இளவயது, சரியாகிவிடும் என்றார். மூன்று வாரத்தில் அந்தக் கண் வெந்த மீனின் கண்ணைப்போல் வெளுத்தது.

சிரில் பின்வாசல் படி வரை வந்தான். உள்ளே வரவில்லை. மெதோட் எழுந்து வெளியே போனான். சமையலறை ஜன்னல் திறந்திருந்தது.

“நான் காலத்தான்டா பாத்தேன்.”

“தெரியும்.”

“மாதா சத்தியமா காலத்தான்...”

“தெரியும்டா. நான்தான உக்காந்தேன். அழுவாத, பக்கத்து வீட்ல பாக்குறாங்க.”

சிரில் அதன் பிறகு ஆணியைத் தொடவில்லை. ஊர் தொட்டது. இரண்டாவது வாரமே ஒரு வெளியூர்க்காரனின் காலுக்கு வேறொருவன் சுண்டினான். எல்லோரும் வழக்கம்போல் சிரித்தார்கள்.

மில்னர்டன் சொன்ன வாக்கை மறந்துவிட்டது. மெதோட் கேலரிடம் போய் நின்றான். சோடாக் கடை என்று பலகை மாட்டி, சோடா தவிர எல்லாம் விற்றுக்கொண்டிருந்த அவருடைய கடையின் பின்னறை. நானும் கூட இருந்தேன்.

“கண்ணு தெரியுதாடா?”

“பாக்கத்தான் வெள்ளையா இருக்கு மிஸ்டர் கேலர். உள்ள நல்லாத் தெரியுது.”

கேலர் கையை நீட்டினார். “எத்தனை வெரலு?”

“மூணு. அதுல ஒண்ணு கழுவாத வெரலு.”

நல்ல கண்ணை மூடச் சொல்லி அவர் கேட்கவில்லை. அவருக்கு ஒரு ஃபவுல்காரன் வேண்டியிருந்தது. நானும் வாயைத் திறக்கவில்லை.

பதினைந்தடி மாறாத தூரம். ஒற்றைக் கண்ணிருந்தாலும் உடம்புக்கு அது தெரியும். எறிவதில் அவனுக்கு ஒரு குறையும் வரவில்லை. ஆட்டம்தான் சிக்கல். இடது பக்கத்திலிருந்து ஆள் வருவது தெரியாது. முதல் ஆட்டத்திலேயே இரண்டு முறை வலையோடு நசுங்கினான். அன்றிலிருந்து சிரில் தன் இடத்தை மாற்றிக்கொண்டான். மெதோட்டின் இடது கைப்பக்கம் வலையை ஒட்டி நின்றுகொண்டு, தம்பி நகர நகரத் தானும் கூட்டத்தை இடித்துக்கொண்டு நகர்வான். எங்கள் ஸ்லோவாக் பாஷையில் கத்துவான்.

“எடது! வர்றான்! குனி!”

எதிரணிகளில் பெரும்பாலும் ஐரிஷ்காரர்கள், ஜெர்மன்காரர்கள். அவர்களுக்கு அது ஏதோ குடிகாரனின் கூச்சல். மெதோட் சத்தம் கேட்ட மறுகணம் விலகுவான், வந்தவன் வெறும் கம்பியில் மோதுவான். இரண்டு குளிர்காலம் இப்படியே ஓடியது. சிரில் பத்து மணி நேரம் கீழே கரி வெட்டிவிட்டு வந்து ஒன்றரை மணி நேரம் கத்துவான். வியாழக்கிழமைகளில் அவனுக்குக் குரலே இருக்காது. ஜோஃபியாவுக்குப் பெண் பிறந்தது. கணவனுக்கு ஒரு கண்தான் என்று அவளுக்குத் தெரியும். அவள் ஆட்டம் பார்க்க வருவதில்லை. கேட்டால், “என் புருஷன் கூண்டுக்குள்ள நிக்கிறத நான் எதுக்குக் காசு குடுத்துப் பாக்கணும்?” என்பாள்.

மூன்றாவது வருடம் இலையுதிர் காலத்தில் லீக்கிலிருந்து கடிதம் வந்தது. கேலர் அதைப் பின்னறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். இனி அணிக்கு ஒரு ஃபவுல்காரன் கிடையாது. எவன் மேல் இடி விழுந்ததோ அவனே எறிய வேண்டும்.

யாரும் மெதோட்டைப் பார்க்கவில்லை. எல்லோரும் தங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“மெதோட்,” என்றார் கேலர். கொஞ்சம் இரக்கம் இருந்தது குரலில். “உன் எறிய நான் கொறை சொல்ல மாட்டேன். ஆனா இனிமே எனக்கு ஓடுற ஆளு வேணும்.”

“அடிபட்டவன்தான எறியணும்?”

“ஆமா.”

“அப்ப நான் அடிபடுறேன்.”

யாரோ சிரித்தார்கள். மெதோட் சிரிக்கவில்லை.

“ஒரு ஆட்டத்துக்கு எட்டு அடி வாங்குறேன், மிஸ்டர் கேலர். எட்டும் எறியுறேன். பத்தாதா?”

கேலர் நாற்காலியில் சாய்ந்தார். “கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்கலாம்,” என்றார்.

திரும்பி வரும்போது கரிமேட்டுப் பாதையில் மெதோட் அண்ணனிடம் சொன்னான்.

“சிரில், இனிமே கத்தாத.”

“என்னடா சொல்ற?”

“நீ கத்துனா என்னையறியாம ஒதுங்கிடுறேன். ஒதுங்குனா அடி விழாது. அடி விழலேன்னா எறிய முடியாது.”

“எடது பக்கம் வர்றவன் ஒனக்குத் தெரியவே தெரியாதேடா. ஒடம்ப இறுக்கிக்கக்கூட நேரமிருக்காது.”

“அதுக்குத்தான் சொல்றேன். அந்தப் பக்கந்தான் நல்லா விழும். நடுவருக்கும் தெளிவாத் தெரியும்.”

சிரில் நின்றுவிட்டான். நாங்கள் கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தோம். அவன் ஒரு கரித்துண்டைக் காலால் உதைத்து உதைத்து உருட்டிக்கொண்டே பின்னால் வந்தான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

கிறிஸ்துமஸ் வரையான அந்த ஆறு வாரப் புள்ளித் தாள்கள் இப்போதும் என்னிடம் இருக்கின்றன. மெதோட்டின் பெயருக்கு நேரே ஏழு, எட்டு, ஒரு நாள் பத்து. பார்க்கிறவர்களுக்கு வெற்றிக் கணக்காகத் தெரியும். பந்து கைக்கு வந்ததும் அவன் அதை வேறு யாருக்கும் தராமல் கூட்டத்துக்குள் போவான், இடது பக்கத்தை முன்னால் நீட்டிக்கொண்டு. முழங்கை வரும், தோள் வரும். சில நேரம் முழங்கால். விழுவான், எழுவான், கோட்டுக்கு வருவான், குந்துவான். துருப்பிடித்த வலை கிழித்த இடங்களில் சீழ் வைத்தது. இடது விலாவில் ஒரு எலும்பு சரியாகச் சேரவே இல்லை, மூச்சிழுக்கும்போது உள்ளே ஏதோ சொடுக்குவது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்கும். வீட்டில் கேட்டால், மண்டபத் தரையில் சோப்புத்தூள், வழுக்கிவிட்டது என்பான். அது பாதி உண்மை. ஆட்டம் முடிந்ததும் மண்டபத்தில் நடனம் நடக்கும், அதற்காகத் தரையை மாலையிலேயே சோப்புத்தூள் போட்டு வழவழப்பாக்கி வைத்திருப்பார்கள். கடைசிக் கால் மணி நேரம் பெண்கள் நடன ஷூக்களைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் காத்திருப்பார்கள்.

ஜனங்களுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. அதுதான் மோசம். “இன்னிக்கு எத்தனை வாங்குவான்?” என்று கூட்டத்தில் பந்தயம் கட்டினார்கள். ஒற்றைக் கண் என்பது இப்போது எல்லா ஊருக்கும் தெரிந்துவிட்டது. ஓர் ஊரில் ஒருவன் கத்தினான்: “அடிங்கடா, ஆனா ஃபவுல் ஆகாம அடிங்கடா!” எதிரணிகளும் கற்றுக்கொண்டார்கள். அவன் மேலே விழ வந்தால் கையைத் தூக்கிக்கொண்டு விலகிவிடுவார்கள். அவன் தன் வேகத்திலேயே போய் வலையில் விழுவான். விசில் இல்லை, ஃபவுல் இல்லை. அடி மட்டும் இருக்கும். எழுந்து வந்து, விலகத் தெரியாத முரடன் எவன் என்று ஒற்றைக் கண்ணால் தேடுவான்.

அப்படி ஒருவன் மில்னர்டனில் இருந்தான். டோலன். இரும்பாலைக்காரன், ஆறடி மூன்றங்குலம். அடிப்பதில் அவனுக்கு ஃபவுலைப் பற்றிக் கவலை கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை அவர்கள் எங்கள் ஊருக்கு வந்தார்கள்.

அன்று மாலை என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கோவிலுக்குப் போட்டுக்கொள்ளும் கறுப்புக் கோட்டில் ஜோஃபியா. குழந்தையை அடுத்த வீட்டில் விட்டு வந்திருந்தாள்.

“சட்டையத் தொவைக்கிறவ நான்,” என்றாள், நான் கேட்காமலே. “சோப்புத்தூள்ல விழுந்தா துரு எப்படி ஒட்டும்?”

மெதோட் அவளைப் பார்க்கவில்லை. நாங்கள் அவனுடைய இடது பக்கத்தில் இருந்தோம். அவன் வழக்கம்போல் ஆடினான். முதல் பாதியில் ஐந்து. டோலன் கொடுத்தவை நான்கு. ஜோஃபியா வலையை விரல்களால் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்தடி தள்ளி சிரில் தன் தொப்பியைச் சுருட்டிப் பற்களுக்கு நடுவே வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

“சிரில் ஏன் சும்மா நிக்கிறான்?” என்றாள். “கத்துவான்னுதான சொன்ன நீ?”

நான் தாளைப் பார்த்தேன்.

“இம்ரோ.”

“மெதோட் வேணாம்னுட்டான்.”

“ஏன்?”

சொன்னேன். ஒதுங்கினால் அடி விழாது, அடி விழாவிட்டால் எறிய முடியாது, எறியாவிட்டால் கேலர் வைத்துக்கொள்ள மாட்டார். ஒவ்வொன்றாகச் சொல்லும்போது என் குரல் எனக்கே வெடிமருந்துக் கிடங்கில் சரக்குப் பட்டியல் வாசிக்கும் குரலாகக் கேட்டது. அவள் முகம் மாறவில்லை.

“ஆறு வாரமாவா?”

“ஆமா.”

“ஒனக்கும் தெரியும்.”

“தெரியும்.”

அப்போதுதான் டோலன் வந்தான். நாங்கள் மூன்று பேரும் அவன் வருவதைப் பார்த்தோம், நான், ஜோஃபியா, சிரில். மண்டபத்தின் மறுகோடியிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு, நீளமாக, இடது பக்கத்திலிருந்து. சொல்ல நிறைய நேரம் இருந்தது. சிரிலின் வாயிலிருந்து தொப்பி கீழே விழுந்தது. அவன் கத்தவில்லை.

மெதோட்டின் முகம் எங்களுக்கு நேராக வலையில் வந்து அப்பியது. கம்பிகளின் சதுரங்களுக்குள் அவன் கன்னம் சின்னச் சின்னத் துண்டுகளாகத் தெரிந்தது. பிறகு சரிந்தான். விசில் ஊதியது. கூட்டம் “ஆறு!” என்று ஒரே குரலில் கத்தியது.

அவன் எழுந்து இரண்டு பற்களைத் துப்பினான். ஜோஃபியாவின் கைகள் அவன் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தன. அவன் பார்க்கவில்லை. புருவம் கிழிந்து ரத்தம் நல்ல கண்ணுக்குள் இறங்கியது. சட்டையால் துடைத்துக்கொண்டு கோட்டுக்குப் போனான். குந்தினான். மறுபடி துடைத்தான். பந்து உள்ளே போனது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் பழக்கத்தில் தாளில் ஒரு கோடு போட்டேன்.

தலையைத் தூக்கியபோது ஜோஃபியா பக்கத்தில் இல்லை. கூண்டுக் கதவின் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருக்கும். அவள் அதை நீக்கி உள்ளே போய்க்கொண்டிருந்தாள், வழுக்கும் தரையில் கோவில் ஷூக்களோடு, ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்து.

நடுவர் ஓடி வந்தார். “அம்மா, வெளிய போங்க. ஆட்டம் நடக்குது.”

“இது என் புருஷன். ஒங்களுக்கு இவன் யாரு? நீங்க வெளிய போங்க.”

மண்டபம் வெடித்துச் சிரித்தது. நடன ஷூக்களோடு நின்ற பெண்களும் சிரித்தார்கள். டோலன் மட்டும் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றான்.

“ஜோஃப்கா,” என்றான் மெதோட். வாய் வீங்கியிருந்தது. “வீட்டுக்குப் போ. இன்னும் பன்னெண்டு நிமிஷந்தான்.”

“வா.”

“கிறிஸ்துமஸ் வரைக்கும்னு சொல்லிருக்காரு. அப்புறம் வருஷம் முழுக்க வச்சுக்குவாரு. எட்டு ஆயிடும் இன்னிக்கு.”

“வா மெத்கோ.”

“வந்தா எங்க போறது? ஒனக்கு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்ல?”

“நான்தான கேட்டு வாங்குனேன்? நானே வேணாங்குறேன். போதும்.”

அவள் திரும்பினாள். வலைக்கு அந்தப் பக்கம் நின்ற சிரிலைப் பார்த்தாள். எங்கள் பாஷையில் பேசியதால் மண்டபத்தில் பாதிப் பேருக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

“சிரில், திங்கக்கெழம இவன ஒங்கூடக் கூட்டிட்டுப் போ.”

“ஜோஃபியா... ஒத்தக் கண்ணன கீழ எறக்க மாட்டாங்க.”

“ஒன் அறையில ஒன் ஆளா வச்சுக்க. போர்மேன் கேட்டா நீ பேசிக்க. இத்தன நாளு பேசாததுக்கெல்லாம் சேத்துப் பேசு.”

சிரில் தலையாட்டினான். மெதோட் கையிலிருந்த பந்தை என்ன செய்வதென்று தெரியாமல் நடுவரிடம் கொடுத்தான். அவள் அவனைக் கையைப் பிடித்து அழைத்துப்போகவில்லை. முன்னால் நடந்தாள். அவன் பின்னால் வந்தான். கதவைத் தாண்டும்போது இடது தோள் சட்டத்தில் இடித்தது.

கேலர் கூட்டத்திலிருந்து ஓர் ஆளைப் பிடித்து ஐந்தாவதாக இறக்கினார். என்னிடம் வந்து அவன் பெயரை எழுதச் சொன்னார். நாங்கள் ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தோம். நடனம் சரியான நேரத்தில் தொடங்கியது.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு சிரில் வாசலில் நின்றான். ஜோஃபியா சாப்பாட்டுத் தகரத்தை மேசையில் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். மெதோட் அவள் முதுகைப் பார்த்தான். தகரத்தை எடுத்துக்கொண்டு போனான். அவள் அன்று முழுக்க உட்காரவில்லை. பதினான்கு வயதிலிருந்து யாரையும் கீழே அனுப்ப மாட்டேன் என்று இருந்தவள் சொந்த வாயால் அனுப்பியிருந்தாள். கூண்டா, குழியா என்று அவளுக்குக் கொடுக்கப்பட்டது. அவள் குழியைத் தேர்ந்தெடுத்தாள். அதில் யாரைக் குறை சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மெதோட் பதினொரு வருடம் கரி வெட்டினான். நாற்பத்தொன்றில் மார்பு கரித்தூசியில் அடைத்துச் செத்தான். நிமோனியா என்று எழுதிக் கொடுத்தார்கள். ஊரில் அந்த வயதில் செத்த எல்லோருக்கும் அதைத்தான் எழுதினார்கள். சிரில் சவப்பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கினான்.

கீழே இறங்கிய இரண்டாம் வருடமோ மூன்றாம் வருடமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்வாசல் படியில் நானும் மெதோட்டும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது. கேட்கக்கூடாதென்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டேன். கூண்டிலேயே இருந்திருக்கலாமே என்று எப்போதாவது தோன்றுமா?

அவன் விலாவைத் தடவிக்கொண்டான்.

“கீழ நான் அடிபட்டா யாரும் எண்ண மாட்டாங்க, இம்ரோ,” என்றான். பிறகு சிரித்தான். மேல்வரிசையில் நான்கு பற்கள் இல்லை.